பழைய சாகாவின் பூட் மூடிக்கு கேஸ் ஸ்ட்ரட்: சுங்கை சிப்புட் கடை ஒன்றின் சேவை

முதல் தலைமுறை புரோட்டோன் சாகா கார் 1985இல் வெளிவந்தது. எங்கள் சாகாவின் பூட் மூடியைத் தாங்கிய முறுக்குக் கம்பிகள் தளர்ந்துபோனதால், சுங்கை சிப்புட்டில் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் ஒரு ஜோடி கேஸ் ஸ்ட்ரட் (உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தால் மூடியைத் தள்ளித் தாங்கும் உருளை) வாங்கி, பக்கத்துப் பட்டறையில் பொருத்தினோம்.

கடைக்காரர் விலையைச் சொல்லும் முன், "மூடி எத்தனை கிலோ, கீலிலிருந்து எடை மையம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். வலுவானதே நல்லது என்று கையில் கிடைத்ததை எடுத்துத் தரும் கடைகளுக்கு நடுவே, இந்த ஒரு கேள்விக்காகவே இவரிடம் மறுபடி போகலாம். சாவிப் பூட்டையும் சேர்த்து மூடி 12 கிலோ. எடை மையம் கீலிலிருந்து 50 செ.மீ. அப்படியென்றால் தாங்க வேண்டிய திருப்புவிசை ஏறக்குறைய 59 நியூட்டன் மீட்டர். மூடி திறந்த நிலையில் ஸ்ட்ரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் இடையே 15 செ.மீ. செங்குத்துத் தூரம் கிடைத்ததால், இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் தலா 196 நியூட்டன் தேவைப்பட்டது.

வழக்கமாக இதற்கு மேல் பத்துப் பதினைந்து விழுக்காடு கூட்டிக்கொள்வார்கள். ஆனால் ஸ்ட்ரட்டில் அச்சிடப்படும் விசை 20 டிகிரி செல்சியஸில் அளந்தது. உள்ளே அடைத்த நைட்ரஜன் சூடேறும்போது, டிகிரிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு விழுக்காடு விசை கூடும். நம் ஊர் வெயிலில் நின்ற காரின் பூட் 50 டிகிரியைத் தொட்டால், 200 நியூட்டன் ஸ்ட்ரட் 220ஆக வேலை செய்யும். ஆகவே 200 போதும் என்று முடிவு செய்தோம். 300 போட்டிருந்தால் மூடியை அழுத்திச் சாத்தவே சிரமப்பட்டிருப்போம், மெல்லிய தகடும் நாளடைவில் கோணியிருக்கும்.

பட்டறை வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. விசையேறி நிற்கும் முறுக்குக் கம்பியைக் கழற்றுவது கையைப் பதம் பார்க்கக்கூடிய வேலை. பட்டறை அண்ணன் நீண்ட குழாயை நெம்புகோலாக வைத்து, பொறுமையாக விடுவித்தார். மூடி முழுவதும் சாத்தியபோதும் ஸ்ட்ரட் உள்ளே போக இன்னும் சில மில்லிமீட்டர் மிச்சமிருப்பதைச் சரிபார்த்த பிறகே துளையிட்டார். பூட் சாத்தியிருக்கையில் ஸ்ட்ரட்டின் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினார். உள்ளிருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் தடுக்கும் சீலை (seal) நனைத்துக்கொண்டே இருக்க இதுதான் வழி.

பொருளோடு வந்த பிராக்கெட்டுகள்தான் ஏமாற்றம். தகடு மெலிது, திருகுகளோ மரப்பலகைக்குக்கூடப் போதாதவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, 3 மி.மீ. இரும்புத் தகட்டைப் பின்னால் வைத்து, போல்ட் நட்டால் இறுக்கி, துளை விளிம்புகளுக்குத் துரு தடுப்புப் பூச்சும் அடித்தார். கூலி நியாயமானதே. இந்த பிராக்கெட்டுகளைச் சேர்த்து விற்பதைக் கடைக்காரர் நிறுத்திவிடலாம்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வண்டி என்றால் தண்டைக் காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். கிரீஸ் தடவினால் புழுதி ஒட்டி சீலை அரிக்கும். பழுதான ஸ்ட்ரட்டை அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, உள்ளே அழுத்தம் மிக அதிகம். பழையவற்றை இதே கடையில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.