அல்பென்டசோல் 2.5%: நாடாப்புழு வந்து விழுந்தால் மட்டும் போதுமா?

கடையில் ஆட்டுக்குப் பூச்சி மருந்து கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்தப் பாட்டில்தான். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். நாடாப்புழுவுக்கு நன்றாகவே கேட்கும். ஓரிரு நாளில் புழுக்கையோடு வெள்ளை வெள்ளையாக வந்து விழும். மருந்து வேலை செய்கிறது என்று நாமும் நிம்மதியாகிவிடுகிறோம்.

ஆனால் குட்டியின் எடையைப் பிடித்து நிறுத்துவது கண்ணில் படாத இன்னொன்று: நாலாவது வயிற்றில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் உருளைப்புழு. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 15 கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு லிட்டர்தான். தின்ற தீவனம் அதை ஈடுகட்டவே சரியாகிவிடும், சதை எங்கே பிடிக்கும்? கழிச்சல்கூட இருக்காது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். முற்றினால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்.

இந்தப் புழு அல்பென்டசோலுக்குப் பழகிப்போனது தமிழ்நாட்டு மந்தைகளிலும் பதிவாகியிருக்கிறது. பாதிக் காரணம் அளவு. 2.5% என்றால் மில்லிக்கு 25 மி.கி.; வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் 20 கிலோ ஆட்டுக்கு 8 மில்லி வேண்டும். செம்மறியைவிட வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும், அதனால் செம்மறி அளவு இதற்குப் பற்றாது. கண்மதிப்பில் மூடி கணக்காக ஊற்றினால் சாகாமல் தப்புகிற புழுதான் பெருகும். தராசில் நிறுத்துக் கொடுங்கள். அடியில் படியும் மருந்து, நன்றாகக் குலுக்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சைக் கடைவாயோரம் விட்டு, நாக்கின் பின்புறம் மெல்லச் செலுத்த வேண்டும். தலையை அண்ணாத்தினால் புரையேறும்.

சினை பிடித்த முதல் மாதம் பாட்டிலைத் தொடவே கூடாது, குட்டி ஊனமாகும்.

கேட்கிறதா என்று தெரிய, கொடுப்பதற்கு முன்னும் 14 நாள் கழித்தும் பத்து ஆட்டின் புழுக்கையைக் கால்நடை ஆய்வகத்தில் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். 95 சதவீதம் குறையவில்லையென்றால் மருந்தை மாற்றத்தான் வேண்டும். கடைக்காரர் ஃபென்பென்டசோலை எடுத்து நீட்டுவார்; வாங்காதீர்கள், அதுவும் இதே வகைதான். லெவாமிசோலோ குளோசான்டலோ மருத்துவர் எழுதித் தரட்டும். இரண்டிலுமே அளவு மிஞ்சினால் ஆபத்து, குளோசான்டல் கண்ணையே பறித்துவிடும்.