கங்காணியைத் தேடி எட்டு வருடம்

2016இல் ஒரு கட்டுரைத் தரவுத்தளத்தின் தேடல் பெட்டியில் ‘கங்காணி’ என்று ஆங்கிலத்தில் முதன்முதலாக அடித்தேன். வந்தது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளைப் பற்றித்தான் என் ஆய்வு. கோப்பிக் காலத்திலிருந்து நடந்த ஒரு முறையைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டு, முன்மொழிவில் ‘இத்துறையில் ஆய்வுகள் மிகக் குறைவு’ என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

அந்த வரியை அழிக்க வைத்தவர், நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் இருந்த ஒரு அம்மா. “பிள்ளை, கடைசி எழுத்து ‘ஐ’ போட்டோ அடிச்சனீங்கள்? ‘வை’ போட்டும் அடிச்சுப் பாருங்கோ. வெள்ளைக்காரன் அப்பிடித்தான் எழுதினவன்.” அடித்தேன். அன்று பின்னேரம் மூடும் மணி அடிக்கும்வரை வாசித்தும் தீரவில்லை. அடுத்த கிழமை போனபோது, கே-யை விட்டுவிட்டு சி-யில் தொடங்கும் எழுத்துக்கூட்டலும் இருக்கிறது என்றார்.

அன்றே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். அதில் சொற்கள் மட்டும்தான். 1972க்கு முந்தியதைத் தேடுவதென்றால் ‘ஸ்ரீ லங்கா’ உதவாது, ‘சிலோன்’ வேண்டும். தொழிலாளரைப் பழைய ஆவணங்கள் ‘கூலி’ என்கும். பிறகு வந்தவை ‘எஸ்டேட் லேபர்’, ‘இந்தியன் தமிழ்’ என்கும். அண்மைக்காலக் கட்டுரைகளில்தான் ‘மலையகத் தமிழர்’ வருகிறது. ‘தேயிலை’ என்று மட்டும் தேடினால், 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டிக் கோப்பியை அழிப்பதற்கு முந்திய காலம் அநேகமாக விடுபட்டுப் போகும். இத்தனையையும் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஓஆர்’ போட்டுக் கோர்த்து, அடைப்புக்குறிக்குள் வைத்துத் தேடப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது. பயிற்சிப் பட்டறையில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்; நான்தான் தேத்தண்ணிக்கு முன்னமே எழும்பிப் போய்விட்டேன்.

ஆங்கிலத் தேடலாவது பரவாயில்லை. தமிழில் தேடுவது தனிக் கதை. ‘மலையகம்’ என்று முழுதாக அடித்தால், ‘மலையகத்தில்’, ‘மலையகத்தின்’ என்று எழுதியிருப்பவை பல இடங்களில் அகப்படுவதில்லை. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் வாலே மாறிவிடுகிறது. ஆகவே ‘மலையக’ என்பதோடு நிறுத்தி, இடம் கொடுத்தால், பின்னால் எது வந்தாலும் பிடிக்கச் சொல்லும் நட்சத்திரக் குறி ஒன்றும் போடுகிறேன். ‘தோட்டத்தொழிலாளர்’ என்று சேர்த்தும், ‘தோட்டத் தொழிலாளர்’ என்று பிரித்தும் இரண்டு தடவை தேட வேண்டும்.

இதைவிடக் கள்ளத்தனமான சிக்கல் ஒன்று உண்டு. ‘கொழும்பு’ என்பதன் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளிடலாம்: ஒற்றை ஒகரக் குறியாக ஒரு விதம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். கண்முன்னே இருக்கும் தலைப்பு தேடலில் வரவில்லையே என்று ஒரு நாள் முழுக்க மண்டையைக் குழப்பிய பிறகுதான் இது விளங்கியது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய பிடிஎஃப் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும், புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. அந்தக் கோப்புக்குள் தமிழில் எதைத் தேடினாலும் கிடைக்காது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் மட்டும் பலன் உண்டு.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகம் இல்லாவிட்டால் என் ஆய்வில் பாதி இல்லை. வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடியே பழைய சஞ்சிகைகளைப் புரட்ட முடிகிறது. படமாக வருடிய பக்கங்களில் சொல் தேடல் நடக்காது என்பதால், சஞ்சிகைப் பெயரையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டு போய், பக்கம் பக்கமாக வாசிப்பேன். அப்படி வாசிக்கும்போது தேடாததும் கிடைக்கும். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் இலவசக் கணக்கில் மாதம் 100 கட்டுரைகள்வரை இணையத்திலேயே வாசிக்கலாம். தனியாளாக ஆய்வு செய்கிறவருக்கு அது போதும். கூகுள் ஸ்கொலரில் எனக்குப் பிடித்தது, ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல் மட்டும்தான்.

2022ஐ மறக்க முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 360ஐத் தொட்டது. நான் உறுப்பினராக இருந்த ஒரு நூலகத்தில், டொலரில் பணம் கட்டிய தரவுத்தளம் ஒன்று ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. அறிவித்தல் எதுவும் இல்லை. கடவுச்சொல் பிழையென்று நினைத்து மூன்று தடவை மாற்றினேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வேறு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இணைப்பை மட்டும் சேமித்து வைத்திருந்த கட்டுரைகளில் எத்தனையோ கைவிட்டுப் போயின. இப்போது உரிமம் அனுமதிப்பதை அன்றன்றே தரவிறக்கி, மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ மென்பொருளில் போட்டு, பென்டிரைவிலும் ஒரு பிரதி வைக்கிறேன். ஸொட்டேரோவில் நம்முடைய பெயர்களை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்காமல் ஒற்றைக் கட்டமாக மாற்றிப் பதியுங்கள்; இல்லாவிட்டால் சிலருக்கு அப்பாவின் பெயரில் புத்தகம் வந்துவிடும்.

போன மாதம் தேசிய சுவடிகள் காப்பகத்தில் ஒரு தோட்டத்துரையின் கையெழுத்துக் கடிதம் பார்த்தேன். ஆங்கிலத்தில் கங்காணிக்கு நடுவில் இரண்டு ‘என்’ எழுத்துப் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து எல்லாத் தரவுத்தளத்திலும் அப்படியே அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.