இரைத் தொட்டிக்கு ஆன்லைனில் பம்ப் வாங்கப் போகிறீர்களா? என் 7,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஃபைபர் படகில் உயிர் இரைத் தொட்டிக்கு (தூண்டிலில் கோர்க்கும் சிறு மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி) பம்ப் தேடுகிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். எனக்கு 7,400 ரூபாய் போய்விட்டது.

தூத்துக்குடியில் சீலா மீனுக்கும் பாறை மீனுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கு உயிர்ச் சாளையின் அருமை தெரியும். ஆனால் சாளை தாங்காத மீன். ஓயாமல் நீந்தும், ஆக்சிஜன் நிறைய வேண்டும். தொட்டித் தண்ணீர் மாறாமல் நின்றால் வெயிலில் சூடேறி, சீக்கிரமே மல்லாந்துவிடும். அதனால் கடல்நீரை இடைவிடாமல் ஏற்றும் 12 வோல்ட் பம்ப் தேடினேன்.

பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில் கிடைத்தது. மணிக்கு 1100 கேலன் (சுமார் 4,160 லிட்டர்), உப்புத் தண்ணீருக்கு ஏற்றது, நாள் முழுக்க ஓடும், ஒரு வருட வாரண்டி என்று போட்டிருந்தார்கள். விற்பவரின் எண்ணும் இருந்தது. கூப்பிட்டு, 120 லிட்டர் தொட்டி, நாலடி உயரம் ஏற்ற வேண்டும், காலையிலிருந்து மதியம் வரை நிற்காமல் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டான். "அண்ணாச்சி, தைரியமா வாங்குங்க. ராமேஸ்வரம் படகுக்கெல்லாம் நாமதான் அனுப்புறோம். ஏதாவது ஆச்சுன்னா நேரா எனக்குப் போன் போடுங்க, மாத்தித் தர்றேன்" என்றான். தண்ணீர் சீறியடிக்கும் வீடியோவும் அனுப்பினான். அந்த "நேரா எனக்குப் போன் போடுங்க" என்ற வார்த்தையை நம்பித்தான் 7,400 ரூபாய் அனுப்பினேன்.

கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் நடுக்கடலில் தண்ணீர் நூலாக இறங்கி, பம்ப் சூடாகி நின்றுவிட்டது. தொட்டி நிறைய சாளை செத்து மிதந்தது. அன்றைய டீசல், ஆள் கூலி, எல்லாம் வீண். பேட்டரியும் இறங்கி ஜிபிஎஸ் அணைந்துவிட்டது. இது வெறும் பணப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

கரைக்கு வந்து எலக்ட்ரீஷியனிடம் பிரித்துக் காட்டினேன். ஸ்டெயின்லெஸ் என்று சொன்ன ஷாஃப்ட் முழுக்கத் துரு. சீல் வழியாக உப்புத் தண்ணீர் மோட்டாருக்குள் போயிருக்கிறது. மேல் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: பில்ஜ் பம்ப். அது படகுக்குள் சேரும் தண்ணீரை அவ்வப்போது இறைத்துக் கொட்டுவதற்கு. மணிக்கணக்கில் ஓட்டுவதற்குச் செய்ததே இல்லை.

போன் போட்டேன். முதலில் "போட்டோ அனுப்புங்க அண்ணாச்சி". அனுப்பினேன். அடுத்து "டெக்னீசியன் பார்க்கணும்". அடுத்து வேறு ஒருவர் எடுத்து, "தண்ணி புகுந்து கெட்டுப்போனா வாரண்டி வராது சார்" என்றார். தண்ணீருக்குள் வைக்கிற பம்புக்கு இந்தப் பதில்! அதற்கப்புறம் என் எண்ணையே எடுப்பதில்லை. சந்தைத் தளமோ, திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது, விற்பவரிடமே பேசுங்கள் என்று கைகழுவிவிட்டது. புகாரை மூடியும் விட்டார்கள். 7,400 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லையாம்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர்கள் கடமை. 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்திருக்கிறேன். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.

எந்த பம்ப் நல்லது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பில்ஜ் பம்பை இரைத் தொட்டிக்கு என்று தந்தால் வாங்காதீர்கள், தொடர்ந்து ஓட்டலாம் என்று பம்பின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பெட்டியில் போட்ட கேலன் கணக்கு உயரமே ஏற்றாமல் அளந்தது, மேலே ஏற்ற ஏற்றக் குறையும். 1100 கேலன் என்றால் 20 லிட்டர் கேன் கால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நிறைய வேண்டும், கடையிலேயே வாளியில் ஓட்டிப் பாருங்கள். எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், ஃப்யூஸ் இல்லாமல் மாட்டாதீர்கள். ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். வாரண்டியை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.