பந்தியோரக் கருத்துப் பெட்டி: எங்கள் வாசகர் வட்டத்தின் மதிப்பீடு

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் கதை எழுதுகின்ற, வாசிக்கின்ற சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் வாசகர் வட்டம், கடந்த பெரும்போகக் காலத்திலிருந்து உறுப்பினர்களின் கதைகளை ஓர் இணையத்தளத்தில் ஏற்றி வருகிறது. அத்தளத்தைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம், ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் வாசகர் தம் கருத்தை எழுதிவைக்கும் வசதி அதில் இருந்ததுதான். கதையின் அடியில் "அருமை", "வாழ்த்துகள்" என்று குவிவதை விட, இந்த வரி இடறுகிறது, இந்தப் பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இல்லை என்று உரிய இடத்திலேயே சுட்டிக்காட்டினால் எழுதுபவருக்கு எவ்வளவு பயன் என்று எண்ணியே சேர்ந்தோம். இதே அமைப்பைப் பல தளங்கள் வைத்திருப்பதால் பெயர் குறிப்பிடாமலே எழுதுகிறேன்.

முதலில் வசதியின் தரத்தைச் சொல்ல வேண்டும். கணினியில் அது நன்றாகவே இயங்குகிறது. எங்கள் வாசகர்களிற் பெரும்பாலானோர் வைத்திருக்கும் கைத்தொலைபேசியிலோ, பந்தியை விரலால் அழுத்திப் பிடித்து, ஓரத்தில் தோன்றும் சிறு குமிழைத் தொட்டு, மின்னஞ்சலுக்கு வரும் இலக்கத்தை எடுத்துவந்து இட்ட பிறகே பெட்டி திறக்கும். திறந்த பெட்டியும் தமிழ் விசைப்பலகையும் சேர்ந்து திரையை மூடிவிடுவதால், எந்த வரியைப் பற்றி எழுத வந்தோமோ அந்த வரியே கண்ணுக்குத் தெரிவதில்லை. வரியைப் பார்ப்பதற்காகப் பெட்டியை மூடினால், அதுவரை தட்டச்சிட்டதெல்லாம் அழிந்துவிடுகிறது. தமிழில் நாலு வரி தட்டச்சிடும் பொறுமை உள்ளவரைக்கூட இது விரட்டிவிடும்.

ஆயினும், கணினியில் வாசித்தவர்களும் எழுதவில்லை என்பதால், குறையை விசைப்பலகையின் தலையில் மட்டும் போட முடியாது. இந்த முயற்சியின் வரலாறு நீண்டது. 1993இல் மொசைக் உலாவியிலேயே பக்கங்களுக்குக் குறிப்பெழுதிப் பலரோடு பகிரும் ஏற்பாடு முயன்று பார்க்கப்பட்டது. எந்தப் பக்கத்துக்கும் அருகில் கருத்தெழுத உதவும் சைட்விக்கியை 2009 செப்டெம்பரில் தொடங்கிய கூகுள், 2011 டிசெம்பரில் அதை நிறுத்திவிட்டது. 2012இல் வந்த மீடியம் என்ற கட்டுரைத் தளம், எழுதியவர் அனுமதித்தால் மட்டுமே பிறர் காணக்கூடிய பந்தியோரக் குறிப்பை நயமாக வடிவமைத்திருந்தும், பின்னாளில் கட்டுரையின் அடியில் மறுமொழி எழுதும் முறைக்கே முதன்மை கொடுத்தது. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2016 ஓகஸ்டில் தன் தளத்தின் கருத்துப் பகுதியை மூடியபோது வெளியிட்ட கணக்கு இன்னும் தெளிவானது: ஏறத்தாழ 3 கோடி 30 இலட்சம் பேர் வந்துபோன ஒரு மாதத்தில், பதிவான 491,000 கருத்துகளையும் எழுதியவர்கள் 19,400 பேர்தான். அந்த விகிதத்தை, ஒரு கதையைச் சில நூறு பேர் வாசிக்கும் எங்களைப் போன்ற இடத்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஒருவர்கூட மிஞ்சமாட்டார்.

ஆனால் எங்கள் வாசகர்கள் வாய் திறக்காதவர்கள் அல்லர். வட்டத்தைச் சேர்ந்த இளம் எழுத்தாளர் ஒருவரின் கதையில் ஐப்பசி மாதத்தில் வெள்ளாமை வெட்டு நடப்பதாக ஒரு காட்சி வந்தது. தளத்தில் அந்தப் பந்தியின் ஓரம் வெறுமையாகவே கிடந்தது. அதே நாள் இரவு, வயல் செய்யும் பெரியவர் ஒருவர் அவருக்கு வட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்பியிருந்தார்: "ஐப்பசியில எங்க புள்ள வெள்ளாமை வெட்டுற? அது விதைக்கிற காலம் தானே. மாசி, பங்குனியில தானே வெட்டு. மத்தப்படி கதை நல்லாரிக்கி." அந்தப் பெட்டி பெற்றிருக்க வேண்டிய கருத்து இதுதான். அதை ஏன் அங்கே போடவில்லை என்று கேட்டபோது, ஊரறியப் பிள்ளையின் பிழையைச் சொல்வது முறையல்ல என்றார் அவர். எழுதுபவரின் தாய் தகப்பனையும் அறிந்த ஊர்களில், சொந்தப் பெயரோடு, என்றென்றும் அழியாமல் நிற்கும்படி குறை சொல்வதற்கு எவருக்கு மனம் வரும்? அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனமாகக் கொள்ள நான் உடன்படமாட்டேன், அது பண்பு.

இன்னொரு காரணத்தை நம் கூத்து மரபே விளக்குகிறது. சட்டம் கொடுத்து, அதாவது நடிப்போருக்கு அவரவர் பகுதியை எழுதிக் கொடுத்து, ஆட்டமும் பாட்டும் பழகிய பின், அரங்கேற்றத்துக்கு முன் 'அடுக்குப் பார்த்தல்' என்றொரு கட்டம் மட்டக்களப்பிலே உண்டு. அங்கே வந்து பார்ப்பவர் சொல்லும் பிழையைக் கேட்க, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் இருக்கிறார்; திருத்துவதற்கு நாளும் இருக்கிறது. இணையத்தளமோ, கதை அரங்கேறி முடிந்த பிறகுதான் வாசகரைப் பிழை சொல்ல அழைக்கிறது. சொன்னால் கேட்பவர் யார், கேட்டாலும் மாற்றுவாரா என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஒரு முறை எழுதிப் பதில் கிடைக்காதவர் மறுமுறை எழுதுவதில்லை. கனடாவில் 2006இல் தொடங்கிய வட்பட் என்ற கதைத் தளத்தில் வரிக்கு வரி கருத்துகள் குவிவதற்கும் இதுவே காரணம் என்பது என் கணிப்பு. அங்கே கதைகள் பெரும்பாலும் தொடராக வருவதால், அடுத்த அத்தியாயம் எழுதப்படாத நிலையில் வாசகரின் சொல்லுக்கு எடை இருக்கிறது.

இந்த எண்ணத்தோடு நாங்கள் முறையை மாற்றினோம். இப்போது கதையின் முதல் வரைவை, அதே தளத்திலுள்ள மூடிய குழுவில், உறுப்பினர் மட்டும் காணும்படி ஏற்றுகிறோம். எழுதியவர் தமக்கு ஐயமுள்ள பந்திகளின் ஓரத்தில், "இந்த இடத்தில் தாய் இப்படிப் பேசுவாளா?" என்பது போலத் தாமே முதற் கேள்வியை எழுதிவைக்கிறார்; வரும் கருத்துக்கெல்லாம் அங்கேயே பதில் எழுதுகிறார். வெறுமையாகக் கிடந்த ஓரங்களில் இப்போது வாதம் நடக்கிறது. திருக்கோவிலிலிருந்து ஓர் ஆசிரியை ஒரே உரையாடலுக்கு மூன்று மாற்று வரிகள் எழுதித் தந்தார். அவற்றுள் ஒன்று அப்படியே கதையில் ஏறியது.

ஆகவே, திறந்த பக்கத்தில் பொதுவாசகரை எதிர்பார்த்து இவ்வசதிக்காக ஒரு தளத்தில் சேர்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கேட்டு, பதில் சொல்லி, திருத்தவும் ஆயத்தமாக உள்ள சிறு குழுவுக்கு இது மிக நல்ல கருவி. தளத்தை நடத்துவோரிடம் நாங்கள் எழுதிக் கேட்டிருப்பது இரண்டு: தட்டச்சிடும்போது உரிய பந்தி பெட்டிக்கு மேலே தெரிய வேண்டும், பந்தியின் ஓரத்தில் குரற்பதிவும் இட முடிய வேண்டும். இரண்டாவது கிடைத்துவிட்டால், அந்த வயற்காரப் பெரியவரையும் குழுவில் சேர்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.