பாம்பு விரட்டும் சோலார் கருவியா, தடியும் டார்ச்சுமா?

இரண்டையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. திண்டிவனம் பக்கம் எங்கள் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் ஒரு பருவம் முழுக்க, மண்ணில் நட்டால் உறுமி அதிர்ந்து பாம்பை ஓட்டும் என்று விற்கிற சோலார் பாம்பு விரட்டி நின்றது. இப்போது மறுபடி கையில் தடியும் டார்ச்சும்தான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஊகிக்கச் சிரமம் இருக்காது.

கருவி வாங்கக் காரணம் ராத்திரித் தண்ணீர். மும்முனை மின்சாரம் எங்களுக்குப் பெரும்பாலும் இரவில்தான் வரும். பதினொரு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, மடை திருப்ப வரப்பு மேலேயே நடக்க வேண்டும். இரண்டு கருவி 1,500 ரூபாய் என்று ஆன்லைனில் பார்த்ததும் ஆர்டர் போட்டேன். கொல்லையில் வேலை பார்க்கும் பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாம்புக்குத்தான் காதே கிடையாதே தம்பி, இது யாருக்குக் கத்தப் போவுது?” என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. பாம்புக்கு வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை. ஆனால் உள்காது இருக்கிறது. கீழ்த்தாடை தரையில் படிந்திருக்கும்போது மண்ணின் அதிர்வு தாடை எலும்பில் ஏறி, குச்சி போன்ற ஒரு மெல்லிய எலும்பு வழியாக உள்காதைப் போய்ச் சேரும். கீழ்த்தாடையின் இடமும் வலமும் நம்முடையதைப் போல ஒட்டிய எலும்பு அல்ல, தனித்தனியாக அசையும். அதனால் அதிர்வு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடப் பாம்பால் பிரித்தறிய முடியும் என்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2008-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கண்ணாலேயே கேட்கிறது என்று நினைத்து நம் முன்னோர் அதற்குக் ‘கட்செவி’ என்று பெயர் வைத்தார்கள். ‘தாடைச்செவி’ என்று வைத்திருக்கலாம்.

காற்றில் வரும் ஓசையும் கொஞ்சம் கேட்கும். 2012-ல் டென்மார்க்கில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை ஒன்றைச் சோதித்தார்கள். ஓசை மண்டையோட்டையே லேசாக அதிரவைக்க, அந்த அதிர்வைத்தான் உள்காது பிடிக்கிறது என்று தெரிந்தது. அதற்குக் காது கூர்மையாக இருந்தது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை. ஆண்குரலின் அடிநாதம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் மூன்றாவது சரக்கான அல்ட்ராசானிக் பெட்டியை ஒரே வரியில் தள்ளிவிடலாம். அது எழுப்புவது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல், பாம்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மண்ணில் நடும் கருவி அவ்வளவு மோசமில்லை. தத்துவமாவது சரியானது. உள்ளே ஒரு சின்ன மோட்டார், அரை நிமிஷத்துக்கு ஒருமுறை ‘கிர்ர்’ என்று உறுமும். கூட வந்த தாளில் 400 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தண்டை ஒட்டி நன்றாகத் தெரிந்தது. ஓரெட்டு தள்ளி லேசாக. நாலெட்டு தள்ளி ஒன்றுமே இல்லை. என் கை பாம்பின் தாடை இல்லைதான். ஆனாலும் ‘அரை ஏக்கர்’ வரை எட்டும் என்று தாளில் போட்டிருந்ததன் மேல் இருந்த நம்பிக்கை அன்றைக்கே பாதியாகிவிட்டது. தண்ணீர் பாய்ந்து மண் இளகியதும் தண்டு ஆட ஆரம்பித்தது. உறுமலில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விட்டது.

பராமரிப்பும் தலைவலிதான். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் வெயில் இல்லை, இரண்டும் ஊமையாகிவிட்டன. பாம்புக்கடி பற்றி 2020-ல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் சாகிறார்கள் என்றும், அதில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில் என்றும் சொல்கிறது. வெயில் அடித்தால் மட்டும் காவல் காக்கும் ஆளை மழை மாதங்களுக்கு வைத்து என்ன செய்வது?

சரி, பேட்டரியை மாற்றலாம், தண்டைக் கல் வைத்து இறுக்கலாம். என்னை விலக வைத்தது வேறு. தை மாதம் ஒரு காலையில், கருவிக்கு இரண்டு முழம் தள்ளி வரப்பில் ஒரு சாரை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கருவி உறுமியது. சாரை அசையவில்லை. மறுபடி உறுமியது. நாக்கை மட்டும் ஒருமுறை நீட்டி இழுத்துக்கொண்டது. நான் பத்தடி தூரத்தில் ஒரு காலை எடுத்து வைத்தேன், சரசரவென்று வேலிக்குள் போய்விட்டது.

காது கேட்காமல் அது அங்கே கிடக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ராப்பகலாக உறுமும் ஒன்றால் இதுவரை ஒரு கெடுதலும் வரவில்லை என்றால் எந்த உயிரும் அதைப் பொருட்படுத்தாது. ரோட்டோரம் கட்டிய மாடு லாரிக்கு மிரள்கிறதா? தடி அப்படி இல்லை. நான் போகும் இடத்தில், போகும் நேரத்தில் மட்டும் மண்ணைத் தட்டுகிறது. தட்டுத்தட்டாக நெருங்கியும் வருகிறது. எதுவோ வருகிறது என்று பாம்புக்கு அது சொல்லும். கருவியால் ‘இங்கே இருக்கிறேன்’ என்று மட்டுமே சொல்ல முடியும்.

ஆனால் தடியை நம்பியும் கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியாது. 2023-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிறிஸ்டினா ஸ்டெனெக் குழுவினர் 19 பாம்புகளை அறையில் விட்டு ஓசை எழுப்பிப் பார்த்தார்கள். டைபான், பழுப்புப் பாம்பு போன்ற நச்சுப் பாம்புகள் விலகப் பார்த்தன. வோமா என்ற மலைப்பாம்பு ஓசையை நோக்கி வந்தது. கேட்பது ஒன்று, கேட்டபின் செய்வது இனத்துக்கு இனம் வேறு. நம் ஊரில் சாரை ஓடும், நாகமும் வழி கிடைத்தால் பெரும்பாலும் ஒதுங்கும். கண்ணாடி விரியன் இருந்த இடத்திலேயே சுருண்டு கிடந்து குக்கர் மாதிரி சீறும். எவ்வளவு தட்டினாலும் அது பெரும்பாலும் நகராது. அதைக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். அதனால்தான் டார்ச். ஒப்பீட்டில் தடி வென்றாலும், உயிரைக் காப்பது டார்ச்தான் என்பேன். வெளிச்சம் காலடியில் விழ வேண்டும், தூரத்துத் தென்னையில் அல்ல. கம்பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு எரிச்சலூட்டும், இருந்தாலும் போடுகிறேன்.

கட்டுவிரியன் விஷயத்தில் இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது. அது இரை தேடி வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவரைக் கடிக்கிற ஆள். அங்கே கட்டிலும் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும்தான் பேச வேண்டும்.

நான் வைத்துப் பார்த்தது ஒரே பருவம், ஒரே கம்பெனிச் சரக்கு, ஒரே செம்மண். களிமண் தோட்டத்தில், மாதம் ஒருமுறை கருவியை இடம் மாற்றி நட்டுப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். வாங்கியே தீருவேன் என்பவர்கள் அதை நடுவதற்கு முன் வைக்கோல் போரை வீட்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள். எலி இருக்கும் வரை எந்த உறுமலையும் பாம்பு சகித்துக்கொள்ளும்.

எங்கள் கருவியில் ஒன்று மோட்டார் கொட்டகை மூலையில் கிடக்கிறது. இன்னொன்றில் பெரியவர் கன்றுக்குட்டியைக் கட்டுகிறார். வெயில் நாளில் அது இன்னும் உறுமத்தான் செய்கிறது. முதல் இரண்டு நாள் கன்று துள்ளியது. இப்போது அதில் கழுத்தைச் சொறிந்துகொள்கிறது.