போனை லேப்டாப் ஆக்கும் டாக் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "உங்க போனே இனி லேப்டாப்! 14 இன்ச், 8 ஜிபி ரேம், வெறும் ரூ.13,999." படத்தில் மெல்லிசாக ஒரு லேப்டாப், அதிலிருந்து ஒரு ஒயர் போய்ப் பக்கத்திலிருக்கும் போனில் மாட்டியிருக்கும். அதைத்தான் நான் வாங்கினேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்து பெரிய பயனும் இல்லை. இதே வித்தையை இன்னொரு கடைக்காரர் நாளைக்கே செய்யலாம், அதனால் வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பொருள் இருப்பது பொய் இல்லை. லேப்டாக், சுருக்கமாக டாக் என்பார்கள். பார்க்க லேப்டாப் மாதிரியே இருக்கும். திரை, கீபோர்டு, டச்பேட், பேட்டரி எல்லாம் உண்டு. உள்ளே பிராசசர், ரேம், ஸ்டோரேஜ் எதுவும் கிடையாது. மூளை முழுக்க உங்கள் போன்தான். மோட்டோரோலா 2011லேயே ஏட்ரிக்ஸ் என்ற போனோடு இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. 2017இல் சாம்சங் எஸ்8 போனோடு டெக்ஸ் வந்தது. போனைப் பெரிய திரையில் மாட்டினால் கம்ப்யூட்டர் போலவே ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும். சரியான போன் இருப்பவருக்கு நல்ல பொருள்தான். அந்த "சரியான போன்" என்பதை மறைத்துத்தான் விற்கிறார்கள்.

நான் கடலூரில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். காலையில் முதுநகர், மதியம் திருப்பாதிரிப்புலியூர், சில நாள் பண்ருட்டி வரைக்கும் பஸ்ஸில் போக வேண்டும். வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப் கனம், பேட்டரியும் போய்விட்டது. ஜிஎஸ்டி போர்டலைத் திறக்க, எக்ஸெல் ஷீட் பார்க்க, மெயில் அனுப்ப இது போதும் என்று பட்டது. என் போன் சாம்சங் எம் வரிசையில் ஒன்று. விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு மாடல் பெயரை எழுதி, இதில் வேலை செய்யுமா, கணக்கு எழுதும் டாலி மென்பொருள் ஓடுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "டைப் சி இருந்தா எல்லா போனும் 100% ஒர்க் ஆகும்க்கா, டாலியும் ஓடும்" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்றும் என்னிடம் இருக்கிறது.

புதுச்சேரிக்கே நேரில் போனேன். நேரு வீதிக்குப் பக்கத்தில், மொபைல் கவரும் சார்ஜரும் தொங்குகிற சின்னக் கடை. (புதுச்சேரியில் எலக்ட்ரானிக்ஸ் விலை குறைவு என்ற எண்ணம் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் போகவில்லை. அது மாநிலங்கள் தனித்தனியாக வாட் விற்பனை வரி போட்ட பழைய காலத்துக் கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வரி இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.) கடைப் பையன் முதலில் தன் போனை மாட்டிக் காட்டினான். அது சாம்சங் எஸ் வரிசைப் போன். திரை முழுக்க அழகாக டெஸ்க்டாப் வந்தது. என் போனிலும் பார்க்க வேண்டும் என்றேன்.

வித்தை நடந்தது அங்கேதான். "உங்க போனுக்கு டிரைவர் போடணும்க்கா" என்று போனை வாங்கி ஏதோ ஒரு ஆப்பை இறக்கினான். பிறகு மேஜைக்குக் கீழே இருந்து ஒரு ஒயரை இழுத்து மாட்டினான். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது, படிப்பதற்குள் சரி என்று அழுத்திவிட்டான். போனைப் படுக்க வைத்தான். என் போன் திரை அப்படியே பெரிதாக டாக்கில் தெரிந்தது. குரோமில் ஜிஎஸ்டி போர்டலைத் திறந்து கீபோர்டில் தட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. டெஸ்க்டாப் மாதிரி வரவில்லையே என்று கேட்டதற்கு, "புது அப்டேட் வந்ததும் தானா மாறிடும்க்கா" என்றான்.

பில் கேட்டேன். எஸ்டிமேட் சீட்டு ஒன்றை நீட்டினார் உரிமையாளர். பில் போட்டால் 18 சதவீதம் கூட ஆகும் என்றார். கணக்கு எழுதுகிறவளிடம் இந்தப் பேச்சு எடுபடுமா? விளம்பர விலை என்றால் வரியோடு சேர்த்துத்தான் என்று நின்றேன். முனகிக்கொண்டே ஜிஎஸ்டி எண் போட்ட பில் கொடுத்தார். பணம் யுபிஐயில் போனது.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த ஒயரைப் போட்டு மாட்டினால் திரை கறுப்பு. "சிக்னல் இல்லை" என்று வந்து அணைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் கீபோர்டு மட்டும் வேலை செய்கிறது! டாக்கில் தட்டுகிற எழுத்தெல்லாம் போனில் விழுகிறது, போனும் சார்ஜ் ஏறுகிறது. படம்தான் வரவில்லை. கடைக்குப் போன் செய்தால், "கீபோர்டு ஓடுதுல்ல, அப்போ டாக் நல்லா இருக்கு, உங்க போன்லதான் ப்ராப்ளம்" என்றார்கள். கடையில் படம் வந்ததே என்றேன். "அது அடாப்டர் போட்டதுக்கா. அது தனி, 4,500 ஆகும்." மேஜைக்குக் கீழே இருந்தது வெறும் ஒயர் இல்லை, நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

லாரன்ஸ் ரோட்டில் எனக்குத் தெரிந்த போன் ரிப்பேர் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

டைப்-சி ஓட்டைக்குள் 24 முனைகள் இருக்கின்றன. அதில் சில மின்சாரத்துக்கு. நடுவில் இருக்கும் ஒரு ஜோடி பழைய யூஎஸ்பி 2.0 வேலைக்கு, கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் எல்லாம் அதிலேயே ஓடிவிடும். வேகமான டேட்டாவுக்கென்று தனியாக நான்கு ஜோடிகள் உண்டு. படம் போவது அந்த வழியாகத்தான். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். விலை குறைந்த போன்களில் இந்த ஜோடிகளை உள்ளே இணைப்பதே இல்லை. வெளியே ஓட்டை ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. இல்லாத கம்பியை எந்த அப்டேட்டும் கொண்டுவந்து சேர்க்காது. கீபோர்டு ஓடியும் திரை கறுப்பாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

அந்த 4,500 ரூபாய்ப் பெட்டி என்ன செய்கிறது என்றும் கேட்டேன். டிஸ்ப்ளேலிங்க் என்ற வகையாம். போனில் இருக்கும் ஆப் திரையைப் பிடித்துச் சுருக்கி, சாதாரண டேட்டா வழியிலேயே அனுப்புகிறது. பெட்டி அதை விரித்துப் படமாக்குகிறது. போலிச் சரக்கு இல்லை, அதுவும் நல்ல கம்பெனிப் பொருள்தான். ஆனால் வருவது போன் திரையின் நகல், டெஸ்க்டாப் இல்லை. போனை நிமிர்த்தினால் நடுவில் ஒரு பட்டையாகப் படமும் இரு பக்கமும் கறுப்பும்தான் தெரியும். பையன் போனைப் படுக்க வைத்ததன் ரகசியம் இதுவே. பேங்க் ஆப் பலவும் திரையைப் பிடிக்க விடாது, அவை பெரிய திரையில் கறுப்பாகவே தெரியும். பையன் அவசரமாக அழுத்திய எச்சரிக்கையும் அதுதான்: "திரையில் தெரியும் எல்லாவற்றையும் இந்த ஆப் பார்க்கும், பதிவு செய்யும்" என்று அனுமதி கேட்கிறது. யுபிஐயும் மெயிலும் இருக்கிற என் போனில், என்னைக் கேட்காமல். எனக்குப் பணம் போனதைவிட இதில்தான் ஆத்திரம். கடையில் யாரிடமும் போனை அன்லாக் செய்து கையில் கொடுக்காதீர்கள்.

அண்ணன் ஒரு வாடிக்கையாளரின் எஸ் வரிசைப் போனை மாட்டிப் பார்த்தார். டாக் ஜம்மென்று வேலை செய்தது. அதாவது பொருளில் பழுது இல்லை. இதைத்தான் கடைக்காரர் தன் பக்கம் வைத்துப் பேசினார்.

மறுபடி கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வீட்ல சார் இருந்தா கூட்டிட்டு வாங்கக்கா, அவர்கிட்ட சொன்னா புரியும்" என்றார் உரிமையாளர். சார் வீட்டில் இருக்கிறார், ஆனால் டைப்-சி பற்றி அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். 8 ஜிபி ரேம் எங்கே என்று கேட்டேன். "அது உங்க போன் ரேம்க்கா" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். என் போனில் இருப்பது 6 ஜிபி! டாலியைக் கேட்டால், "ப்ளே ஸ்டோர்ல பாருங்க" என்கிறார். டாலி பிரைம் விண்டோஸ் மென்பொருள். ஆண்ட்ராய்டு போனில் நேரடியாக ஓடாது. வேறு கம்ப்யூட்டரிலோ கிளவுடிலோ ஓட விட்டு, இங்கிருந்து எட்டிப் பார்க்கத்தான் முடியும். கடைசியில் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

சரி என்று வந்து, பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் தொழில் உதவியது அங்கேதான். பில்லில் "லேப்டாப் 14 இன்ச்" என்று எழுதி, எந்த வகைப் பொருள் என்று காட்டும் எச்எஸ்என் எண்ணாக 8471 போட்டிருக்கிறார்கள். அது கம்ப்யூட்டருக்கு உரியது. திரைகளுக்கான எண் 8528. மூளையே இல்லாத ஒரு திரையை லேப்டாப் என்று பில் போட்டு விற்றிருக்கிறார்கள், அதுவும் அவர்கள் கையாலேயே எழுதி. இன்னொன்றும் கவனித்தேன். லேப்டாப், கம்ப்யூட்டர் திரை, அவற்றின் சார்ஜர் எல்லாவற்றுக்கும் பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். பெட்டியிலோ பொருளிலோ ஆர் (R) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டிவிடும். இந்தப் பெட்டியில் அப்படி எதுவுமே இல்லை, சார்ஜரிலும் இல்லை.

"பழுது இல்லை, அதனால் திருப்பித் தர மாட்டேன்" என்பது கடைக்காரரின் வாதம். என் புகார் பழுதைப் பற்றியது அல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு பொருளுக்கு இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பதே முறையற்ற வணிகம்தான். பில் தராமல் விற்பதும் அதில் அடங்கும். பழுதான பொருள் என்றால், பில்லில் கெடு எதுவும் போடாதபோது 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதேதான். எனவே சுவர் போர்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். பில், வாட்ஸ்அப் மெசேஜ், விளம்பரப் படம், யுபிஐ ரசீது எல்லாவற்றையும் இணைத்தேன். அதன்பிறகு கடையிலிருந்து போன் வந்தது, குரல் ரொம்பவே மாறியிருந்தது. அந்த அடாப்டரைச் சும்மா தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். வேண்டாம், முழுப்பணம் வேண்டும் என்றேன். பாதிப் பணம் என்று இறங்கி வந்தார்கள். அதற்கும் சம்மதிக்கவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், அதற்கு வைத்த கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

தராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் அங்கே அலைய வேண்டியதில்லை. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆகவே கடலூரிலேயே போடுவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

இதையெல்லாம் படித்தும் டாக் வாங்க ஆசை இருந்தால், உங்கள் போனைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாம்சங்கில் எஸ் வரிசையிலும் ஃபோல்டிலும் டெக்ஸ் உண்டு. எம், எஃப் வரிசைகளில் இல்லை, ஏ வரிசையில் இருப்பது மிக அபூர்வம். மோட்டோரோலாவில் எட்ஜ் வரிசையில் சில மாடல்களில் இருக்கிறது. கூகுளின் பிக்சல் 8லிருந்து படம் வெளியே வரும். ஐபோன் 15லிருந்து டைப்-சி வழியே படம் வரும், ஆனால் போன் திரையின் நகலாகத்தான் வரும். கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடலின் விவரப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது டெக்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "டைப்-சி, யூஎஸ்பி 2.0" என்று மட்டும் போட்டிருக்கும் ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் படம் வராது.

கடையில் சோதிக்கும்போது, நீங்கள் வாங்கப்போகும் பெட்டியை உங்கள் முன்னாலேயே பிரிக்கச் சொல்லி, அதற்குள் இருக்கிற ஒயரை மட்டும் வைத்து, உங்கள் போனில், உங்கள் கையால் மாட்டுங்கள். ஆப் எதுவும் இறக்கத் தேவையில்லை. இறக்கச் சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இதே விளம்பரத்தைப் பார்த்து ஏற்கெனவே வாங்கியவர்கள் அவர்களோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் பில்லிலும் 8471 என்று போட்டிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரே கடை பலருக்கும் இப்படிச் செய்திருந்தால் ஆணையத்தில் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.