மங்குஸ்தானா, ரம்புட்டானா: எதை நடலாம், எப்படி நடலாம்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுத்தடுத்துக் குவிந்து கிடக்கும். இரண்டும் தென்கிழக்கு ஆசிய மழைக்காட்டு மரங்கள். இரண்டுக்கும் ஈரக்காற்று வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. அதனாலேயே பலர் இரண்டையும் ஒரே கணக்கில் வாங்கி நட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் பத்து வருட உழைப்பு வீணாகிறது.

ரம்புட்டானை விதை போட்டு வளர்க்கவே வேண்டாம். முளைப்பதில் கணிசமானவை ஆண் மரங்களாகிவிடும்; கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஒரு காய்கூடப் பிடிக்காது. காய்த்தாலும் தாய் மரத்தின் ருசி வரும் என்று சொல்ல முடியாது. சுளை கொட்டையை விட்டுப் பிரியாத மரமாகவும் அமையலாம். நல்ல மரத்தின் மொட்டை ஒட்டவைத்து வளர்த்த மொட்டு ஒட்டுக் கன்று என்றால் மூன்று, நான்கு வருடத்தில் பழம் பார்க்கலாம். குடகின் செட்டள்ளி ஆராய்ச்சி மையம் தந்த ரகங்களில் அர்க்கா கூர்க் அருண் சிவப்பு, அர்க்கா கூர்க் பீதாப் மஞ்சள்.

மங்குஸ்தானில் கதை தலைகீழ். மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே அதன் விதை உருவாகிறது. ஆகவே பிள்ளை அப்படியே தாயின் நகல். "ஆண் கன்றாகிவிடுமோ?" என்ற பயமே தேவையில்லை. ஒட்டுக்கன்று சில வருடம் முந்திக் காய்க்கும், உண்மைதான். ஆனால் மரம் குட்டையாக, மெதுவாக வளரும், காய்ப்பும் குறைவு. இடம் இருப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மங்குஸ்தான் விதைக்கன்று ஈடாகக் கேட்பது பொறுமை. காய்க்க எட்டு முதல் பத்து வருடம், சில இடங்களில் அதற்கும் மேல். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் இல்லாத பலவீனமான வேர் என்பதால் ஆரம்பத்தில் நகரவே நகராது. முதல் சில வருடம் நிழல் கட்டாயம். தென்னைக்கும் பாக்குக்கும் ஊடே வைத்தால் அந்த நிழல் தானாகக் கிடைக்கும். ரம்புட்டானோ வளர்ந்தபின் நல்ல வெயில் கேட்கும். அறுவடை முடிந்ததும் கவாத்தும், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதும், கேட்கும்.

ரம்புட்டானுக்கு வவ்வால் பெரும் தொல்லை, வலை போடாமல் முடியாது. வவ்வாலோ பறவையோ கொத்திய பழத்தை யாரும் தின்னக் கூடாது. வவ்வாலிடமிருந்து பரவக்கூடிய நிபா வைரஸ் பற்றிய பயம் வெறும் வதந்தி அல்ல. தடித்த தோலுள்ள மங்குஸ்தானுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் பழம் கீழே விழுந்தால் அடிபட்ட இடத்தில் தோல் கல்லாக இறுகும். சுளையில் மஞ்சள் பால் இறங்கினால் கசக்கும்.

விற்பனைக்கு வந்தால், ரம்புட்டானின் முடி இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். உள்ளே சுளை நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் வாங்குபவர் முகம் சுளிப்பார். சந்தைக்கு அருகில், வெயில்படும் திறந்த நிலம் இருந்தால் ரம்புட்டான் வையுங்கள், சீக்கிரம் காசு வரும். தென்னந்தோப்பு இருப்பவருக்கு நான் மங்குஸ்தானைத்தான் சொல்வேன். காய்க்கத் தொடங்கிய மரம் பேரன் காலத்திலும் காய்க்கும். பர்லியாறு, கல்லாறு பழப்பண்ணைகளின் முதிர்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மங்குஸ்தான் விதையை மட்டும் காயவிடாதீர்கள், காய்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற அன்றே, பெரிய விதையாகப் பார்த்துக் கழுவி ஊன்றிவிடுங்கள்.